ஏமாத்துறவன்ட நேரமும் காசுதான்

புற்றுநோயில் சாகக்கிடக்கும் ஒரு விதவை, அவளுடைய புருஷன் வங்கியில் விட்டுட்டுப்போன கோடிக்கணக்கான டொலர், அதை நல்ல காரியத்துக்குக் குடுக்க உலகம் முழுக்கத் தேடி எங்களைக் கண்டுபிடிச்சிருக்கிறா. இந்த ஈமெயில் வராத ஆள் எங்கட வயதில் யாரும் இருக்க மாட்டார்கள். வந்தால் என்ன செய்யவேணும் எண்டும் எல்லாருக்கும் தெரியும்: அழி, பதில் போடாதே.

பதில் போடலாம் எண்டுதான் நான் சொல்ல வாறன். ஆனால் எதுக்காகப் போடுறது, எதுவரைக்கும் போறது எண்டதில், இதை இன்டர்நெட்டில் செய்து பேர் வாங்கின கன பேரோட எனக்கு உடன்பாடு இல்லை.

இந்தக் கடிதம் புதுசு இல்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே ஸ்பெயின் சிறையில் ஒரு பணக்காரன் அடைபட்டுக் கிடக்கிறான், அவனை வெளியே எடுக்கக் காசு அனுப்பினால் புதையலில் பங்கு எண்டு ஐரோப்பா, அமெரிக்கா முழுக்கத் தபாலில் கடிதம் போயிருக்கு. பிறகு அது நைஜீரியாவுக்கு வந்தது. அந்த நாட்டுக் குற்றவியல் கோவையின் 419ஆம் பிரிவு இந்த மோசடி பற்றியது, அதனாலதான் இதுக்கு 419 எண்டே பேர் வந்தது. சிறைக்கைதி விதவையானார், தபால் ஈமெயிலானது. 'முதல்ல ஒரு சின்னத் தொகை கட்டுங்க' எண்டது மட்டும் மாறவே இல்லை.

2012இல் மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர் கோர்மாக் ஹேர்லி ஒரு கட்டுரை எழுதினார். அவர் கேட்ட கேள்வி எளிமையானது: நைஜீரியா எண்டு சொன்னாலே எல்லாரும் உஷாராகிற காலத்தில், இவங்கள் ஏன் இன்னும் தாங்கள் நைஜீரியா எண்டே சொல்றாங்கள்? அவருடைய விடை, இது முட்டாள்தனம் இல்லை, சல்லடை. பத்து லட்சம் பேருக்கு மெயில் அனுப்ப செலவு ஒண்டும் இல்லை. ஆனால் பதில் போடுற ஒவ்வொருத்தரோடையும் நாள்கணக்கில் ஒரு மனுஷன் இருந்து கதைக்கவேணும். பாதி வழியில் சந்தேகப்பட்டு விலகிப்போற ஆக்கள் அவனுக்கு நட்டம். அதால கதையை நம்பவே முடியாத மாதிரி எழுதி, சந்தேகப்படுற எங்களை முதல் வரியிலேயே கழட்டி விடுறான். மிஞ்சுறது கடைசிவரை நம்பக்கூடிய ஆக்கள் மட்டும்.

இதைத் திருப்பிப் பார்த்தால், அவனிட்ட பஞ்சமா இருக்கிறது நேரம் ஒண்டுதான். நம்பாத ஆக்கள் நூறு பேர் நம்புற மாதிரி நடிச்சுப் பதில் போட்டால் சல்லடை அடைச்சுப் போகும். நேரத்தைத் தின்னுறது பகிடி மட்டும் இல்லை, கணக்கும் சரியாத்தான் வருது.

என்னோட பீடத்தில் படிக்கிற ஒருத்தன் போன வருஷம் இதைச் செய்தான். தன்ட பேரில் இல்லை, புதுசா ஒரு ஈமெயில் முகவரி திறந்து, படுவான்கரையில் எருமைப் பட்டி வைச்சிருக்கிற எழுபது வயதுப் போடியாராக. 'விடுவிப்புக் கட்டணம்' 250 டொலர் கேட்டான் மற்றவன். போடியார் உடனே ஓமெண்டார். ஆனால் காசு கட்ட எழுவான்கரைக்கு வரவேணும், குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையில் வாவியைக் கடக்கிற பாதை இண்டைக்குக் காத்து எண்டு ஓடேல்லை. அடுத்த நாள் பாதை ஓடினது, ஆனால் பட்டியில் ரெண்டு எருமை காணேல்லை. அதுக்கடுத்த நாள், காசுக்குப் பதிலாத் தயிர் எடுப்பீங்களா, முட்டி எத்தினை வேணும், லண்டன் வரைக்கும் புளிக்காமப் போகுமா எண்டு ஒரு நீண்ட கடிதம். ஒன்பது நாள். ஹொஸ்டலில் ராவு ராவா இருந்து வாசிச்சுச் சிரிச்சோம்.

பத்தாம் நாள் அவன் பொறுமை இழந்து ஒரு வங்கிக் கணக்கு இலக்கம் அனுப்பினான். லண்டன் கணக்கு இல்லை, நைஜீரியாக் கணக்கும் இல்லை. இலங்கையில் இருக்கிற வங்கியொன்றின் கணக்கு, ஒரு பெண்ணின்ட பேரில்.

அதுக்குப் பிறகு ஒருத்தரும் சிரிக்கேல்லை. மோசடிக்காரன் எந்த நாட்டில் இருந்தாலும், இஞ்ச உள்ள ஆளிட்ட இருந்து காசு எடுக்க அவனுக்கு இஞ்ச ஒரு கணக்கு வேணும். அதை வாடகைக்குக் குடுக்கிற ஆக்கள் இருக்கிறாங்க. 'உன்ட கணக்குக்குக் கொஞ்சம் காசு வரும், எடுத்துத் தா, கமிஷன் தாறன்' எண்டால் நுண்கடன்காரன் வாசலில் நிக்கிற வீட்டில் யார் வேண்டாம் எண்பாங்க? பொலிஸ் போனால் முதலில் தட்டுறது அந்தக் கதவைத்தான். நண்பன் ஈமெயில் எல்லாத்தையும் சேர்த்து அந்த வங்கிக்கு அனுப்பினான். என்ன நடந்ததெண்டு வங்கி சொல்லேல்லை, சொல்லவும் மாட்டாங்க. ஆனாலும் அந்த ஒன்பது நாளில் கிடைச்ச உருப்படியான சாமான் அந்த இலக்கம்தான் எண்டு நான் நினைக்கிறன். தயிர்க் கடிதம் வெறும் தூண்டில்.

இனிச் சண்டைக்கு வாறன். 2015இல் பிரிட்டிஷ் நகைச்சுவையாளர் ஜேம்ஸ் வீச் ஒரு டெட் மேடையில், தங்கம் விக்கிறதாச் சொன்ன ஒருத்தனைப் பாதுகாப்புக் குறியீடு எண்டு இனிப்புப் பண்டங்களின்ட பேரில் கடிதம் எழுதவைச்ச கதையைச் சொன்னார். கோடிக்கணக்கான பேர் பார்த்தது, நானும் பார்த்துச் சிரிச்சிருக்கிறன். அதுக்கு முன்னமே, 2003இல், 419 ஈட்டர் எண்டு ஒரு இணையத்தளம் பிரிட்டனில் இருந்து தொடங்கினது. அங்க ஒருத்தனைக் கொண்டு பழைய கொமடோர் 64 கொம்பியூட்டரின்ட கீபோர்டை மரத்தில் செதுக்கி அனுப்பவைச்சாங்க. அதுவரைக்கும் சரி எண்டு வைப்போம். பிறகு 'கோப்பை' எண்டொரு பழக்கம் வந்தது. மோசடிக்காரனைக் கேவலமான வாசகம் எழுதின அட்டையைப் பிடிச்சு நிக்கவைச்சுப் படம் எடுக்கிறது. அந்தப் படங்களில் நிக்கிறவங்கள் பெரும்பாலும் ஆபிரிக்க இளைஞர்கள். அட்டையில் என்ன எழுதியிருக்கெண்டு சில பேருக்கு விளங்கியிருக்கவும் மாட்டாது. இன்னொரு குழு ஒருத்தனைப் பணம் தாறம் எண்டு சொல்லி, டார்பூர் எல்லைக்குக் கிட்ட, யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், சாட் நாட்டின்ட அபேஷே நகரம் வரைக்கும் அனுப்பினது. 2008இல் ஒரு அமெரிக்க வானொலி நிகழ்ச்சியில் அதை விலாவாரியாச் சொன்னாங்க.

கள்ளனுக்குத்தானே எண்டு கேட்கலாம். கள்ளன்தான். ஆனால் ஒருத்தனைச் சாகிற இடத்துக்கு அனுப்பிப்போட்டு அதைப் பகிடியாச் சொல்றதுக்கும் மோசடியைத் தடுக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்? அந்தத் தளங்களை வாசிக்கேக்க எனக்கு இன்னொண்டும் உறுத்தும். பாதிப் பகிடி அவன்ட இங்கிலீசைப் பற்றித்தான். கொழும்பில் ஒரு நேர்முகத்துக்குப் போய் எங்கட இங்கிலீசுக்கு மற்றவன் உதட்டுக்குள்ள சிரிச்சதைக் கண்ட ஆக்கள் எங்கட பீடத்தில் எத்தினை பேர் இருக்கிறம்.

இப்ப நிலைமை அதைவிட மோசம். மெயிலுக்கும் வட்ஸ்அப்புக்கும் மற்றப் பக்கம் இருக்கிறவன் கள்ளனே இல்லாமல் இருக்கலாம். ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் 2023 ஓகஸ்டில் சொன்ன கணக்கு: மியன்மாரில் மட்டும் குறைஞ்சது 1,20,000 பேர், கம்போடியாவில் கிட்டத்தட்ட 1,00,000 பேர், அடைச்சு வைக்கப்பட்டு இணைய மோசடி செய்ய வற்புறுத்தப்படுறாங்க. அதுக்குள்ள எங்கட நாட்டுப் பொடியன்களும் இருந்தாங்க. 2024 தொடக்கத்தில் மியன்மாரின் மியாவடிப் பகுதியில் ஐம்பதுக்கு மேற்பட்ட இலங்கையர் சிக்கியிருக்கிறதாச் செய்தி வந்தது. தாய்லாந்தில் கொம்பியூட்டர் வேலை, நல்ல சம்பளம் எண்டு கூட்டிக்கொண்டு போய், ஆற்றைக் கடத்தி, பாஸ்போர்ட்டைப் பறிச்சிருக்கிறாங்க. சொன்னதைச் செய்யாட்டி அடி, மின்சாரம். தப்பி வந்தவங்க பிபிசிக்குச் சொன்னதை வாசிச்சால் நித்திரை வராது.

அந்த வேலை விளம்பரத்துக்குத் தேவையான தகுதி என்ன? கொம்பியூட்டர் கொஞ்சம், இங்கிலீஷ் கொஞ்சம், வேலையில்லாமை நிறைய. பட்டம் முடிச்சு வருஷக்கணக்காத் தெருவோரப் பந்தலில் வேலை கேட்டு இருந்த மட்டக்களப்புப் பட்டதாரிகளை நினைச்சுப் பாருங்க. களுவாஞ்சிக்குடி பஸ் ஸ்டாண்டில் இந்த விளம்பரத்தைக் காட்டினால் 'எங்க கையெழுத்து வைக்கிறது' எண்டு கேட்கிற பத்துப் பேரை எனக்கே தெரியும். வெளியில் போகவும் தேவையில்லை. 2024 ஜூனில் நீர்கொழும்பு, பத்தரமுல்லைப் பக்கம் அறுபது இந்தியர்களையும், அதே வருஷம் ஒக்டோபரில் குண்டசாலை உட்படப் பல இடங்களில் இருநூறுக்கு மேற்பட்ட சீனர்களையும் இணைய மோசடி எண்டு பொலிஸ் பிடிச்சது. தொழிற்சாலை எங்கட நாட்டுக்குள்ளயே வந்திட்டுது.

அப்ப மற்றப் பக்கம் அடிவாங்கிற பொடியன் எண்டால், நேரத்தை வீணாக்கினால் அவனுக்கு இன்னும் ரெண்டு அடி கூட விழாதா? விழலாம். இதுக்கு என்னிட்டச் சுத்தமான விடை இல்லை. ஆனால் நான் அவனுக்கு இரக்கப்பட்டு விலகினால் அவன் அடுத்ததா மெசேஜ் போடப்போறது எங்கட பக்கத்து வீட்டு மாமிக்கு. மாமியின்ட நகை போறதைவிட அவன்ட ஒன்பது நாள் போறது பரவாயில்லை எண்டுதான் நான் கடைசியில் நிக்கிறன். நிக்கிறதெண்டால் ஒரு கட்டுப்பாட்டோட. அவமானப்படுத்துறது இல்லை, எங்கேயும் அனுப்புறது இல்லை, அவன்ட முகத்தைப் போட்டுச் சிரிக்கிறது இல்லை. கணக்கு இலக்கமும் போன் நம்பரும் எடுத்து, வங்கிக்கும் இலங்கை சேர்ட்டுக்கும் பொலிஸின்ட கணினிக் குற்றப் பிரிவுக்கும் குடுத்திட்டு வெளியால வாறது.

சொந்த ஈமெயிலில் இருந்து பதில் போடுறது மடத்தனம் எண்டு தனியாச் சொல்லத் தேவையில்லை, பதில் போன முகவரிக்கு இன்னும் நூறு மெயில் வரும். லிங்க்கை அமத்துறதும் அப்படித்தான். யூடியூப்பில் ஜிம் பிரவுனிங் மாதிரி மோசடிக்காரனின்ட கொம்பியூட்டருக்குள்ள நுழையிற ஆசை இருந்தால், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தை ஒருக்கா வாசிங்க. அனுமதியில்லாமல் நுழையிறது குற்றம், மற்றவன் கள்ளன் எண்டதால அது மாறாது.

ஜிம் பிரவுனிங் எண்டதும் ஞாபகம் வருது. இந்தியாவின் மோசடிக் கோல் சென்டரின்ட கமெராவுக்குள்ளயே போய்ப் படம் பிடிச்ச ஆள். 2021இல் அவரையே ஒருத்தன் யூடியூப் நிறுவனத்தில் இருந்து கதைக்கிறன் எண்டு ஏமாத்தி, அவரின்ட சொந்தச் சனலை அவர் கையாலயே அழிக்கவைச்சான். அதை அவர் ஒளிக்கேல்லை, வெளியில் சொன்னார். எங்கட ஊரில் யாரும் சொல்றாங்களா? கஸ்டம்ஸில் பார்சல் நிக்குது எண்டு நாப்பத்தையாயிரம் கட்டின ஒரு மாமி, புருஷனுக்குத் தெரியக்கூடாது எண்டு என்னைக் கோயில் வீதியில் மறிச்சுக் கேட்டா, 'மனே, இத ஆருக்கும் சொல்லிராத, இந்தக் காச எடுக்க ஏலுமா?' எண்டு. காசு கட்டிப் பதினேழு நாள். முதல் நாளே வங்கிக்குப் போயிருந்தால் ஒருவேளை மறிச்சிருக்கலாம். பதினேழு நாளும் தின்னது மோசடிக்காரன் இல்லை, 'படிச்ச பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இப்பிடியா' எண்டு ஊர் கதைக்கும் எண்ட பயம். ஏமாந்தவங்களைப் பார்த்துச் சிரிக்கிற எங்கட பழக்கம் போடியாரின்ட தயிர்க் கடிதம் முழுக்கச் சேர்த்தாலும் மிச்சப்படுத்த முடியாத காசைக் கரைக்குது.

நேரம் தின்னுற வேலையை இப்ப மெஷினுக்கும் குடுத்திருக்கிறாங்க, எனக்கு அதுதான் கூடப் பிடிக்குது. 2017இல் நியூசிலாந்தின் நெட்சேஃப் அமைப்பு ஒரு பொட் செய்தது. ஆக்கள் தங்களுக்கு வந்த மோசடி மெயிலை அதுக்கு அனுப்பிவிட்டால் போதும், அது விதம்விதமான ஆளா நடிச்சு முடிவில்லாமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தது. 2024 நவம்பரில் பிரிட்டனின் ஓடூ கொம்பனி டெய்சி எண்டு ஒரு ஏஐ பாட்டியை விட்டது. மோசடிக்காரன் கோல் எடுத்தால் பாட்டி தன்ட குடும்பக் கதை, பின்னல் வேலை எண்டு இழுப்பா. நாப்பது நிமிஷம் வரைக்கும் ஆக்களைப் பிடிச்சு வைச்சிருக்கிறா. பகிடிக்காக ஒரு மனுஷனைச் சீண்டுற ருசி அதில் இல்லை, ஆயிரம் கோலை ஒரே நேரத்தில் எடுக்கலாம், எங்கட நித்திரையும் கெடாது.

தமிழில் அப்பிடி ஒண்டு இருக்கவேணும். டெய்சி பின்னல் வேலையைப் பற்றிக் கதைக்கிறா, எங்கட அம்மம்மாமாருக்கு அவ்வளவு கூடத் தேவையில்லை. ஆர்ர மகன், எந்த ஊர், தாய் எந்தக் குடி, சோறு திண்டியா, என்ன கறி எண்டு தொடங்கினால் ஓடிபி நம்பர் கேட்க வந்தவன் தன்ட பரம்பரையே சொல்லி முடிக்கவேணும். கணினிப் பீடத்தில் யாராவது இதை வாசிச்சால் செய்யப் பாருங்க. குரல் குடுக்க எங்கட அம்மம்மாவை நான் கேட்டாச்சு, ஓமெண்டிட்டா.