மவுஸும் அரசுப் பணத்தில் வந்ததுதான்

நான் பிளஸ் டூ படித்த 2011இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அப்பா முன்பணக் கடனை அடைக்க எடப்பாடியில் இரவு ஷிப்டில் விசைத்தறி ஓட்டினார். அம்மா தார் சுற்றினார். எங்கள் தெருவுக்கு வந்த முதல் கணினி அதுதான். கல்லூரி விடுதியில் அதைத் திறந்தபோது ஒரு சக மாணவர் கேட்டார்: "இலவசத்துலயே வளர்ந்தவங்களுக்குத் தகுதி எங்கிருந்து வரும்?"

அன்று பதில் தெரியவில்லை. இன்று சொல்கிறேன்.

அவர் கையில் இருந்த மவுஸை உருவாக்கியது ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் இருந்த டக்ளஸ் எங்கல்பார்ட்டின் குழு. முதல் மவுஸ் மரத்தால் ஆனது. 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் மவுஸ், ஹைப்பர்டெக்ஸ்ட், திரைவழி உரையாடல் எல்லாவற்றையும் 90 நிமிடத்தில் அவர் செய்து காட்டினார். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தவை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் அர்பாவும் நாசாவும். அதாவது, மக்களின் வரிப்பணம்.

அந்தக் குழுவிலிருந்து பலர், ஜெராக்ஸ் 1970இல் பாலோ ஆல்டோவில் தொடங்கிய ஆய்வு மையத்துக்குப் போனார்கள். அங்கே 1973இல் ஆல்டோ கணினி பிறந்தது. அலன் கே, அடெல் கோல்ட்பெர்க் குழுவினர் பள்ளிக் குழந்தைகளை அதன்முன் உட்காரவைத்து, அவர்களிடமிருந்து கற்றார்கள். 1979இல் ஸ்டீவ் ஜாப்ஸ் அந்த மையத்துக்குப் போய்ப் பார்த்தார். 1984இல் மெக்கிண்டோஷ் வந்தது. நமக்குச் சொல்லப்படுவதோ கேரேஜில் உதித்த மேதையின் கதை மட்டுமே.

பொதுப்பணத்தை மறைத்துவிட்டுத் தனிமனிதத் திறமை என்று பேசுவதைத்தான் இங்கே சாதியும் செய்கிறது. ஐஐடிகள் நடப்பதும் மக்கள் பணத்தில்தான். அங்கே ஆதிக்கச் சாதியினர் படித்தால் அது 'தகுதி'. நாங்கள் நுழைந்தால் 'கோட்டா'. இந்தப் பேச்சு கடலும் தாண்டியது. 2020இல் கலிஃபோர்னியா அரசுத் துறை சிஸ்கோ மீது சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தது. ஒரு தலித் பொறியாளர் இடஒதுக்கீட்டில் ஐஐடியில் சேர்ந்தவர் என்பதை அவருடைய மேலாளர் சக ஊழியர்களிடம் சொன்னார் என்பது அதிலிருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. மவுஸ் பிறந்த அதே பள்ளத்தாக்கில்தான் இதுவும்.

ஆராய்ச்சிக்கு வேண்டியது அவகாசம். அந்த அவகாசத்துக்குப் பணம் வேண்டும். உதவித்தொகை மாதக்கணக்கில் வராததால் ஆய்வைப் பாதியில் விட்டுத் தறிக்கே திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கண்டுபிடித்திருக்கக்கூடியது என்னவென்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

எங்கல்பார்ட்டை யாரும் 'இலவசம் வாங்கியவர்' என்று சொன்னதில்லை. எங்களையும் சொல்லாதீர்கள். உதவித்தொகையை மாதாமாதம் கொடுங்கள். அது சலுகை அல்ல, எங்கள் உரிமை.