சேரிப் பிள்ளைக்குக் கதைப் புத்தகம் எதுக்கு?

"பாடப் புத்தகத்தையே ஒழுங்காப் படிக்கல, இதுகளுக்குக் கதைப் புத்தகம் ஒரு கேடா?" வாத்தியார் இப்படிக் கேட்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நம் தோழர்களும் இதையே வேறு சொற்களில் கேட்கிறார்களே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சேரியில் இரவுப் பாடசாலை வைக்கிறோம். கணக்கு, ஆங்கிலம், பொது அறிவு சொல்லித் தருகிறோம். அலமாரியில் போட்டித் தேர்வு கைடுகளும் இயக்க வெளியீடுகளும் அடுக்கியிருக்கின்றன. ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டே படிக்கிற புத்தகம் அதில் ஒன்றாவது உண்டா? கேட்டால், "விடுதலைக்கு முன்னால விளையாட்டா தோழர்?" என்கிறார்கள்.

மேல்சாதி வீட்டுப் பிள்ளைக்குப் புத்தகம் என்றால் பொழுதுபோக்கு. நம் பிள்ளைக்கு மட்டும் அது உழைப்பு. காலங்காலமாய் வேலை செய்யவே பிறந்தவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் படிப்பிலும் வேலைதான் செய்ய வேண்டும் போலிருக்கிறது. இந்த நியாயத்தை நாமும் ஏன் சுமக்க வேண்டும்?

எழுத்து தெரிவது வேறு, வாசிக்க வருவது வேறு. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையைக் கவனியுங்கள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வரியை முடிப்பதற்குள் வரியின் தொடக்கம் மறந்துபோகிறது. கவனமெல்லாம் எழுத்திலேயே தீர்ந்தால் அர்த்தத்துக்கு என்ன மிஞ்சும்? சொல் பார்த்த மாத்திரத்தில் பிடிபட வேண்டும். அதற்கு ஒரே சொல்லைப் பத்து இடத்தில், இருபது இடத்தில் சந்திக்க வேண்டும். பிரம்பை வைத்து இதைச் செய்ய முடியாது. 'அப்புறம் என்னாச்சு?' என்கிற ஆசை இருந்தால் பிள்ளை தானாகவே பக்கத்தைப் புரட்டும். புதுச் சொல் வந்தால் கதையின் போக்கிலேயே பொருளை ஊகித்துக்கொள்ளும். மொழிக் கல்வி ஆய்வாளர் ஸ்டீபன் கிராஷன், வாசிப்பின் ஆற்றல் பற்றி 1993-இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்துவது இதைத்தான்: தானே விரும்பி வாசிப்பவர்களுக்குச் சொல்வளமும் நடையும் இலக்கணமும் கூடவே வந்து சேர்கின்றன.

2000-ஆம் ஆண்டு பல நாடுகளில் 15 வயது மாணவர்களின் வாசிப்புத் திறனைப் பீசா தேர்வு வைத்து அளந்தார்கள். இந்தியா அதில் இல்லை. 2002-இல் வந்த அறிக்கை சொல்வதைப் பாருங்கள். பெற்றோரின் தொழில் அந்தஸ்தில் கடைசிப் படியில் இருந்து, வாசிப்பில் மிகுந்த ஈடுபாடு கொண்ட மாணவர்களின் சராசரி 540. முதல் படியில் இருந்தும் ஈடுபாடு இல்லாதவர்களின் சராசரி 491. கதை படித்தால் வறுமை ஒழிந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால், "அப்பன் தொழிலு அப்படி, இதுக்கு இவ்வளவுதான் வரும்" என்கிற வாயை அடைக்க இந்த எண்கள் போதும்.

நம் பிள்ளைக்கு இன்னொரு சுவரும் உண்டு. அது வீட்டில் பேசுகிற தமிழைப் பள்ளிக்கூடம் கொச்சை என்கிறது. பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. எம்.ஏ. தமிழ் வகுப்பு வரைக்கும் இந்தப் பயம் கூடவே வந்ததைப் பார்த்தேன். நன்னூல் சூத்திரத்தைக் கடகடவென்று ஒப்பித்தவர்களில் பலர் பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு நாவலைத் தொட்டதில்லை. 1992-இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது சனங்களின் பேச்சே புத்தகமாக அச்சேறியது. அப்படிப்பட்ட எழுத்து ஒரு பாலம். "இது எங்க ஆத்தா பேசுற மாதிரியே இருக்கே" என்று பிள்ளை சிரிச்சுதுன்னா, அந்தச் சிரிப்பிலிருந்து எழுத்துத் தமிழுக்கு நடந்து போய்விடும்.

1990-களின் அறிவொளி இயக்கத்தில் நம் தாய்மார்கள் எழுத்தறிந்தார்கள். புதுக்கோட்டையில் சைக்கிளும் ஓட்டினார்கள். அது பெரிய சாதனை. ஆனால் பாடம் முடிந்த பின் வாசிக்கக் கையில் ஒன்றும் கிடைக்காதவர்களுக்கு எழுத்து திரும்பவும் மறந்துபோனது. அப்புறம் 2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் நாம் கட்டுகிறோம். நான் போன கிராமங்களில் பெரும்பாலும் அந்தக் கட்டடம் ஊர்த் தெருவில் இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது. திறந்திருந்தால் மட்டும் நம் பிள்ளை உள்ளே போய்க் காலை நீட்டி உட்கார்ந்து படிக்க விட்டுவிடுவார்களா?

இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907-இல் தொடங்கிய இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்றே பெயர். சனங்களுக்கு எட்டுகிற விலை. அம்பேத்கர் பம்பாயில் வீடு கட்டியபோது தன் புத்தகங்களுக்கும் சேர்த்தே இடம் போட்டுக் கட்டினார். வாசிப்பு நமக்கு யாரோ போட்ட பிச்சை இல்லை.

இரவுப் பாடசாலையில் தினமும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். தேர்வு வேண்டாம், கேள்வி வேண்டாம். பேய்க்கதையோ படக்கதையோ விடுகதையோ, பிள்ளை எடுத்ததைப் படிக்கட்டும். வாசிக்க வராத பிள்ளைக்கு நாம் வாசித்துக் காட்டுவோம். எழுதுகிற தோழர்கள் நம் தெருப் பேச்சில் பிள்ளைகளுக்கு எழுதட்டும். அப்படியே, ஊராட்சி நூலகத்துச் சாவி யார் வீட்டு ஆணியில் தொங்குதுன்னு நாளைக்கே நாலு பேராப் போய்க் கேளுங்க.