கட்டிடம் இல்லாத கம்பெனி!

கம்பெனி உண்டு. முதலாளி உண்டு. சம்பளமும் உண்டு. ஆனால், கட்டிடம் மட்டும் இல்லை!

இப்படியும் கம்பெனி நடக்கிறது. வேலை செய்பவர்கள் அவரவர் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது, பலர் இதைப் பழகிக்கொண்டார்கள். "கிட்லேப்" என்ற அமெரிக்கக் கம்பெனி, அலுவலகமே இல்லாமல் வளர்ந்து, 2021-ல் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது.

சேலத்துக்காரர்களுக்கு இதில் என்ன அதிசயம்?

செவ்வாய்ப்பேட்டை, பள்ளப்பட்டி, சிவதாபுரம் பக்கம் போய்ப் பாருங்கள். வெள்ளிக் கொலுசு வீடுகளில்தான் பிறக்கிறது. வியாபாரி வெள்ளியை எடைபோட்டுக் கொடுக்கிறார். ஒரு வீட்டில் கம்பி இழுக்கிறார்கள். இன்னொரு வீட்டில் வளையம் கோர்க்கிறார்கள். வேறொரு வீட்டில் பற்றவைக்கிறார்கள். மெருகு போடுபவர் மற்றொருவர். கடைசியில் மறுபடியும் தராசு! சேதாரம் போகக் கணக்குப் பார்த்துக் கூலி கொடுக்கிறார்கள். மேஸ்திரி நின்று விரட்டுவதில்லை.

வீட்டில் இருப்பவர் வேலை செய்கிறாரா, தூங்குகிறாரா என்று கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் கவலைப்படுகிறார்கள். அவர்கள் இந்தத் தராசைப் பார்க்கவேண்டும். நேரத்தை எண்ணாமல் வேலையை எண்ணினால் போதுமே!

லாபம் இருவருக்கும் உண்டு. முதலாளிக்குக் கட்டிட வாடகை இல்லை. கைக்குழந்தைக்காரியும் நாலு காசு பார்க்கிறாள். ஊரை விட்டுப் போகவேண்டாம். பஸ் செலவும் இல்லை.

கஷ்டமும் அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறது. குழந்தை தூங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நெருப்பு, திராவகப் புகை! வேலை முடிந்தது என்று சொல்ல மணி அடிப்பதில்லை. அடுத்த வீட்டுக்காரருக்கு என்ன கூலி கிடைத்தது என்பதும் தெரியாது. தனித்தனியாக இருப்பவர்கள், கூலி உயர்வை எப்படிச் சேர்ந்து கேட்பார்கள்?

கம்ப்யூட்டர் வேலைக்காரருக்கும் இதே கதைதான். இரவு 10 மணிக்கும் போன் வருகிறது! கொலுசு வேலை பழகும் பையனாவது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறான். அறைக்குள் தனியாக இருக்கும் புது வாலிபனுக்கு யார் தொழில் சொல்லிக்கொடுப்பார்கள்?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, 1996-ல் ஓர் உடன்படிக்கை செய்தது. வீட்டிலிருந்து உழைப்பவரையும் மற்றத் தொழிலாளரைப் போலவே நடத்தவேண்டும் என்பது அதன் சாரம். நியாயம்தானே?

கம்பெனி வேலைக்கு வீட்டில் எரியும் மின்சாரத்துக்குப் பணம் யார் கொடுப்பது? கொலுசு பற்றவைக்கும் கேஸுக்கு யார் கொடுப்பது? கூலி பேசும் அன்றே இதையும் பேசி எழுதிக்கொள்ளவேண்டும்.