நார்வேக்காரி ஆன கள்ளக்குறிச்சிக்காரி

வெளிநாட்டில் மாதிரி ஐ.நா. மாநாட்டுக்குப் போய் வந்தேன்ல, பார்க்கிறவங்க எல்லாம் "நீ எந்த நாடு?"ன்னுதான் கேட்கிறாங்க. நார்வேங்க! கோட்டு மாட்டி, அட்டையைத் தூக்கிப் பிடிச்சு, பழங்குடியினர் உரிமை பத்தி ஒன்றரை நிமிஷம் பிளந்து கட்டினேன். அதுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 169-ஆம் உடன்படிக்கையை 1990-ல் முதலில் ஏற்றது "எங்க" நாடாம் :)

இந்தியா இன்னும் ஏற்கவில்லை. இந்தியாவாக வந்த பையன் டெல்லி வழக்கமாகச் சொல்வதை அப்படியே ஒப்பித்தான்: இந்தியர் எல்லாருமே பூர்வகுடிகள்தான். கைதட்டல் வேற!

எனக்கு வயிறு எரிஞ்சது. எங்க ஊருக்கு மேற்கே கல்வராயன் மலை. கட்டாய உழைப்பை ஒழிக்கும் உடன்படிக்கையை இந்தியா ஏற்றது 1954-ல். மலையில் ஜாகீர்தார்கள் ஆட்சி முடிந்தது 1976-ல். அதுவரைக்கும் மலையாளிப் பழங்குடிகள் (கேரளாக்காரங்க இல்லீங்க) அவங்களுக்குக் கூலியில்லாம வெட்டி வேலை செஞ்சாங்க. ஜெனிவாவில் ஏற்ற ஒப்பந்தம் மலையேற 22 வருஷமும் பத்தல.

இதை எழுந்து சொல்ல முடியாது. அங்கே "நான்" என்று பேசவே தடை. ஒதுக்கிய நாட்டின் கொள்கையைத்தான் பேசணும். அடுத்தவன் கண்ணால் பார்க்கப் பழகுறோமாம். அடுத்தவன் இல்லீங்க, அடுத்த அரசாங்கம்! அரசாங்கம் சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளைக்குத் தலைமைப் பண்புன்னு சான்றிதழ் வேற. அதுக்கு விமான டிக்கெட், விசா, கட்டணம்...

அடுத்த மாநாட்டை வெள்ளிமலையில் வைங்க. ஒரு மேசையில் "கல்வராயன் மலை"ன்னு அட்டை வைங்க. அந்த ஊர்க்காரங்க "நாங்க"ன்னு பேசட்டும். பதில் சொல்ல நார்வே ரெடி. இந்தியா?