மொய் தவிர்க்கவும்

கல்யாணப் பத்திரிகைகளின் அடியில் சில வருஷங்களாக ஒரு புது வாசகம் அச்சாகி வருகிறது. "மொய் தவிர்க்கவும். தங்கள் வருகையே எங்களுக்குப் பெரும் பரிசு." படிக்கிறவர்கள், "அடடா, எவ்வளவு பெரிய மனசு!" என்று வியக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இந்த வாசகத்தை அச்சடிப்பவர்கள் பெரும்பாலும் ஊரிலேயே கிடந்து பாடுபடுகிறவர்கள் அல்ல. சென்னைக்கோ, கோயம்புத்தூருக்கோ, துபாய்க்கோ போய் நாலு காசு சேர்த்து, பிள்ளையின் கல்யாணத்துக்காகச் சொந்தச் சீமைக்குத் திரும்பி வருகிற கனவான்கள். அவர்கள் செய்வது பெரிய மனசு அல்ல. ஊரோடு இருந்த கணக்கை ஒருதலையாக மூடிவிட்டுப் போகிற காரியம் என்பது என் அபிப்பிராயம். கோபித்துக் கொள்கிறவர்கள் கோபித்துக் கொள்ளட்டும்.

என் சீமை வீரசோழன். திருச்சுழிக்குக் கிழக்கே இருக்கிறது. இன்று விருதுநகர் மாவட்டம். 1985 வரை ராமநாதபுரம் மாவட்டம். 'தண்ணியில்லாக் காடு' என்று சொல்லி உத்தியோகஸ்தர்கள் மாற்றலுக்கு அஞ்சி நடுங்கிய பிரதேசம். ஐப்பசி, கார்த்திகையில் வானம் பார்த்து, கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் மிளகாய், பருத்தி, சோளம். அதுவும் பொய்த்தால் சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டியதுதான். 2018-இல் மத்திய அரசாங்கம் பின்தங்கிய மாவட்டங்களைப் பொறுக்கி எடுத்து முன்னேற்றத் திட்டம் போட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து சேர்த்தவை இரண்டே மாவட்டங்கள்: ஒன்று ராமநாதபுரம், மற்றொன்று விருதுநகர்.

இப்படிப்பட்ட சீமையில் பணம் என்பது அறுப்பு முடிந்து சில வாரம் வீட்டில் தங்கிப் போகிற விருந்தாளி. ஆனால் பெண்ணுக்குக் கல்யாண வயசு அறுப்பைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. மொத்தமாக ஒரு தொகை வேண்டும். எங்கே போவது?

1951-52-இல் ரிசர்வ் வங்கி நாடு முழுவதும் கிராமக் கடனைப் பற்றி ஓர் ஆய்வு நடத்தியது. குடியானவன் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது சுமார் 3 சதவீதம். வங்கிகள் கொடுத்தது ஒரு சதவீதம்கூட இல்லை. லேவாதேவிக்காரர்கள் கொடுத்தது ஏறக்குறைய 70 சதவீதம். உறவினர்கள் கொடுத்ததோ சுமார் 14 சதவீதம்! சங்கமும் வங்கியும் அரசாங்கமும் சேர்ந்து கொடுத்ததைப்போல் இரண்டு மடங்கு. அதற்குப் பிறகு 1969-இல் 14 வங்கிகள் தேசியமயமாயின. 1992-இல் மகளிர் சுயஉதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைத்தார்கள். நல்ல காரியங்கள்தாம், மறுக்கவில்லை. ஆனாலும் 2003-இல் கந்துவட்டியைத் தடுக்க ஒரு சட்டமும், கடன் வசூலில் நடக்கும் அடாவடியைத் தடுக்க 2025-இல் இன்னொரு சட்டமும் தமிழ்நாட்டில் தேவைப்பட்டனவே, ஏன்? ஏழைக்கு அவசரத்துக்குக் கிடைக்கிற பணம் இன்றைக்கும் கழுத்தைப் பிடிக்கிற பணமாக இருப்பதால்தான்.

இந்தக் கழுத்துப்பிடிக்கு எதிராக, சட்டமும் சங்கமும் வருவதற்கு முன்பே எங்கள் ஜனங்கள் கண்டுபிடித்து வைத்திருந்த ஏற்பாடுதான் மொய். எங்கள் பக்கத்தில் 'செய்முறை' என்போம். ஒரு மேஜை, ஒரு பித்தளைத் தட்டு, ஒரு நீள நோட்டு. நான் உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் 500 ரூபாய் செய்கிறேன். என் வீட்டில் விசேஷம் வரும்போது நீங்கள் 1,000 செய்கிறீர்கள். அதில் 500 என் பழைய பணம். மற்ற 500 நீங்கள் எனக்குக் கொடுத்த புதுக் கடன். ஆகவே கணக்கு ஒருநாளும் தீர்வதில்லை, உறவும் தீர்வதில்லை. பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை, வட்டி இல்லை. வீரசோழன் முஸ்லிம்கள் நிறைந்த ஊர். வட்டி ஹராம் என்று கருதுகிற வீட்டாருக்கும் இந்த நோட்டில் கை வைக்கக் கூச்சம் கிடையாது.

சென்ற வருஷம் என் பெரியப்பா மகன், சென்னைவாசி, அருப்புக்கோட்டையில் மண்டபம் பிடித்துத் தம் மகள் கல்யாணத்தை நடத்தினார். பத்திரிகையில் மேற்படி வாசகம் இருந்தது. வீரசோழன் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு மிளகாய்ச் சம்சாரி, எங்களுக்கு மாமன் முறை, வாசலுக்கும் மேடைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"தம்பி, நோட்டு எங்க போட்டிருக்காக?"

"நோட்டு இல்லை மாமா. மொய் வாங்கவில்லை."

"அப்ப எம் மக கல்யாணத்துக்கு ஒங்க பெரியப்பா செஞ்சத நான் எங்க போயிக் குடுக்க?"

என் அண்ணன் ஓடி வந்து, "அதெல்லாம் வேண்டாம் மாமா, நீங்க வந்ததே போதும், சாப்பிட்டுப் போங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மனமாரச் சொன்ன வார்த்தைதான். பெரியவர் பந்தியில் உட்காரவில்லை. "செய்யாமச் சாப்பிட்டா அது என்ன சாப்பாடு?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வேஷ்டி மடிப்பிலிருந்த பணத்தோடு பஸ் ஏறிவிட்டார்.

அண்ணன் அவருக்கு ஒரு கடனைத் தள்ளுபடி செய்ததாக நினைத்தார். உண்மையில் தள்ளுபடியானது அந்த மனிதரின் சமத்துவம். அதுவரை கொடுக்கல் வாங்கல் உள்ள சம்பந்தக்காரர். அன்று முதல் தர்மச் சோறு சாப்பிட அழைக்கப்பட்ட ஏழை. 1925-இல் மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர், கொடுப்பதும், வாங்கிக்கொள்வதும், திருப்பிக் கொடுப்பதும் மூன்றும் கடமைகள் என்று பல தேசத்து வழக்கங்களை ஆராய்ந்து எழுதினார். வாங்க மறுப்பது உறவையே மறுப்பதற்குச் சமம் என்பது அவர் கண்ட முடிவு. எங்கள் மிளகாய்ச் சம்சாரி அவரைப் படித்ததில்லை. படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஜப்பானிலும் கொரியாவிலும் கல்யாண மண்டப வாசலிலேயே பண உறையை வாங்கிப் பெயர் எழுதிக்கொள்கிறார்கள். அந்த நாடுகளின் நாகரிகம் அதனால் குறைந்துவிடவில்லை.

மொய்யில் குற்றமே இல்லையா என்றால், உண்டு. பழைய மொய்யை வசூலிப்பதற்கென்றே காதுகுத்தும் சடங்கும் கூட்டுகிறார்கள். மொய் செய்வதற்கே கடன் வாங்குகிறார்கள். பெண்கள் பாடுபட்ட காசு ஆண்கள் பெயரில் நோட்டில் ஏறுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நோட்டு ஜாதிக்குள்ளேயே சுற்றுகிறது, தெருவைத் தாண்டுவதில்லை. வாஸ்தவம். அப்படியானால் விருந்தைக் குறையுங்கள், பெண் பெயரை எழுதுங்கள், அடுத்த தெருக்காரனை அழைத்து அவன் பெயரில் புதுப் பக்கம் திறவுங்கள். வண்டி குடைசாய்கிறது என்று மாட்டை அறுப்பார்களா?

இன்னொரு விஷயம். வாங்க மாட்டேன் என்கிறவர், கொடுக்கவும் மாட்டேன் என்பதைச் சொல்லாமல் சொல்லுகிறார். தம் பிள்ளைகள் கல்யாணம் முடிந்தது. இனி ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்கு எதற்கு? ஆனால் அவருடைய தகப்பனார் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். அவர் படிப்புக்கும் பயணத்துக்கும் வழி செய்த குடும்பத்தை, அக்காள் கல்யாணத்தில் தூக்கி நிறுத்தியவர்கள் அத்தனை பேரும் வரிசையாக இருப்பார்கள். 1985-இல் ஒருவர் 101 ரூபாய் எழுதியிருந்தால் அதை அற்பம் என்று எண்ண வேண்டாம். அன்று 10 கிராம் தங்கம் சுமார் 2,130 ரூபாய். அந்த 101 ஏறக்குறைய அரைக் கிராம் தங்கம். இன்று அரைக் கிராமுக்கு 5,000 ரூபாய் போதாது. ஊரில் இருக்கிறவன் விசேஷத்துக்கு விசேஷம் கூட்டிச் செய்து இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டி வருகிறான். ஊரை விட்டுப் போனவர் கணக்கில் மட்டும் அது 101-ஆகவே உறைந்து கிடக்கிறது.

ஆகையால், சீமைக்குத் திரும்பி வரும் கனவான்களே! பத்திரிகை அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் பரணில் கிடக்கும் அந்த நோட்டை இறக்குங்கள். யார் யார் வீட்டில் பெண் இருக்கிறது, பேத்தி இருக்கிறது என்று விசாரியுங்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய், இன்றைய மதிப்புக்குச் செய்துவிட்டு, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு வாருங்கள். கடைசிப் பெயர் வரைக்கும் தீர்த்த பிறகு, வேண்டுமானால், 'மொய் தவிர்க்கவும்' என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குள் அப்படிப் போடுகிற ஆசை உங்களுக்கே போயிருக்கும்.