மிருகங்களுக்குச் சட்டம் எதற்கு?

"மனிதத் தன்மையை உதறியெறிந்தவனுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு எதற்கு?" 2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலை மாணவி ஒருத்தி சிதைத்துக் கொல்லப்பட்டபோது வடபுலமெங்கும் எழுந்த கேள்வி இது. குற்றஞ்சாட்டப்பட்டோருக்காகச் சட்டத்தரணி எவரும் தோன்றலாகாது என்றனர். எங்களிடம் ஒப்படையுங்கள் என்றனர். மே 20ஆம் திகதி யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத்தின்மீது கற்கள் பொழிந்தன. இவ்வாறு கேட்டோர் கயவரல்லர். நம்மோடு கற்பிக்கும் ஆசிரியரும் நம்மிடம் கற்கும் மாணவரும் அவர்களுள் இருந்தனர்.

அக்கோபத்தை இழித்துரைக்க நாம் வரவில்லை. ஊரவர் பிடித்த சந்தேகநபர் ஒருவர் பொலிஸாரின் கையினின்றும் நழுவிக் கொழும்பிலே அகப்பட்டால், சட்டம் யாருக்குக் குடை பிடிக்கிறது என்று மக்கள் கேட்கவே செய்வர். 2000ஆம் ஆண்டு மிருசுவிலில் எண்மரைக் கொன்ற குற்றத்துக்காக 2015இல் மரணதண்டனை பெற்ற இராணுவத்தினன், 2020 மார்ச்சில் ஜனாதிபதியின் மன்னிப்போடு வெளியே வந்தான். ஆனால் அது சட்டத்தின் பாதுகாப்பன்று. சட்டத்தின் தலையில் அதிகாரம் ஏறி மிதித்த செயல். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் கொடியவனை விட்டுவிட்டு நீதிமன்றத்தின்மீது கல்லெறிகின்றனர்.

ஒருவன் மனிதனல்லன் என்று தீர்மானிப்பவர் யார்? 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் நம் இளைஞரைப் பற்றி அத்தீர்மானத்தைத்தான் செய்தது. சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் அளித்த குற்றஒப்புதல் சான்றாகாது. 'பயங்கரவாதி' எனப்பட்டவனுக்கோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் முன்னிலையில் பிடுங்கப்பட்ட சொல்லே போதுமானதாயிற்று. நகக்கண்ணில் ஊசியேற்றி வாங்கிய சொல் எத்தகைய சான்று என்பதை விளக்கவும் வேண்டுமோ! நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1983 ஜூலை 25ஆம், 27ஆம் திகதிகளில் வெலிக்கடை மறியற்சாலைக்குள், அரசின் காவலில் இருந்த தமிழ்க் கைதிகள் 53 பேர் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டனர். அவர்களுட் பலர் விசாரணையே காணாதவர்கள். கொன்றோரும், மிருகங்களுக்குச் சட்டம் எதற்கு என்று எண்ணியவர்களே.

"அது வேறு, இது வேறு" என்பர் நம் அன்பர்கள். வேறுதான். அங்கே இரையானோர் நம்மவர். இங்கே கல்லெடுத்தோர் நம்மவர்.

புங்குடுதீவு வழக்கு யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் முன் நடந்தது. ஒன்பதின்மருக்கும் சட்டத்தரணிகள் தோன்றினர். சாட்சிகள் குறுக்கு விசாரணை செய்யப்பட்டனர். 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி எழுவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. மற்றை இருவர் விடுவிக்கப்பட்டனர். அன்பர்களே, அம் மே மாதத்தில் ஒன்பதின்மரும் உங்கள் கையில் ஒப்படைக்கப்பட்டிருந்தால், அவ்விருவரையும் எதனைக்கொண்டு பிரித்தறிந்திருப்பீர்கள்?