மாமல்லபுர விழாவும் சரித்திர மாணவரும்

பழைய இடங்களைக் காணச் செல்வோர் இருவகைப்படுவர். கண்ணை மட்டும் கொண்டு செல்வோர் ஒருவகையினர். கண்ணோடு முன்னறிவையும் உடன்கொண்டு செல்வோர் மற்றொரு வகையினர். முன்னவர்க்கு ஓர் இடம் போலவே மற்றோர் இடமும் தோன்றும். பின்னவர்க்கோ ஒரே பாறையின் முன் ஒரு பகற்பொழுது முழுதும் போதாமற் போகும். நம் கலாசாலையின் சரித்திரச் சங்கத்தார் இவ்விடுமுறைக் காலத்தில் மாமல்லபுரத்து நாட்டிய விழாவைக் காணச் செல்ல எண்ணியிருக்கின்றனர் என்பதை அறிந்தபோது, எமக்கு மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் உண்டாயிற்று. அவர்கள் இவ்விருவகையினருள் எவ்வகையினராய்ச் சென்று திரும்புவர் என்பதே அக்கவலை.

சங்கக் கூட்டத்தில் இதுபற்றி இரண்டு கட்சிகள் எழுந்தன. ஒரு சாரார், மாலையிற் சென்று, விளக்கொளியில் நடனத்தைக் கண்டு, அன்றிரவே திரும்பிவிடலாம். செலவும் குறையும், களிப்பும் மிகும் என்றனர். மற்றொரு சாரார், விழா என்பது பிரயாணிகளைக் கவர்வதற்கென ஏற்பட்ட காட்சி. சரித்திரம் கற்போர்க்கு அங்கே வேலையில்லை. கூட்டமில்லாத வேறொரு நாளிற் சென்று கற்களை மட்டும் கண்டு வருதலே தகும் என்றனர். இரு கட்சியிலும் உண்மையிற் பாதி உண்டு. விழாவிற்குச் செல்லத்தான் வேண்டும். ஆயின் இரண்டு நாள் தங்கும்படி செல்லவேண்டும். பகலைக் கல்லுக்கும் மாலையைக் கூத்துக்குமாக வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதே எமது கருத்து. அதற்குரிய காரணங்களை ஈண்டு ஒருவாறு எடுத்துரைப்போம்.

இவ்விழா தமிழ்நாட்டுச் சுற்றுலாத் துறையாரால் 1990-களின் தொடக்கம் முதல் நடத்தப்பட்டு வருவது. பெரும்பாலும் டிசம்பர் மாதக் கடைசியில் தொடங்கி ஜனவரியில் முடிவுறும். பரதநாட்டியம், குச்சிப்புடி, கதகளி, ஒடிசி முதலிய ஆடல்களும் கிராமியக் கலைகளும் திறந்த வெளியில் நிகழ்கின்றன. முன்பு அர்ச்சுனன் தபசு என்னும் பெரும் பாறைச் சிற்பத்தின் எதிரிலேயே மேடை அமைந்திருந்தது; பின்னர்க் கடற்கரைக் கோயிலின் அருகே மாற்றப்பட்டது. கடற்காற்றும், விளக்கொளியும், சலங்கையொலியும், பின்னே நிற்கும் விமானமும் சேர்ந்து மனத்தைக் கொள்ளைகொள்ளும் என்பதில் ஐயமில்லை. ஐயம் வேறோரிடத்தில் உள்ளது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக் காலக் கோயில், ஆடுவோர்க்குப் பின்னே கட்டிய திரைச்சீலையாகி விடலாகாது. மாலையில் மட்டும் சென்று திரும்புவோர் அதனைத் திரைச்சீலையாகவே கண்டு மீள்வர்.

பகலிற் காணவேண்டுவன யாவை? அர்ச்சுனன் தபசு ஏறக்குறைய 96 அடி நீளமும் 43 அடி உயரமும் உடையது. நடுவேயுள்ள பிளவில் நாகர்கள் மேலெழ, இருமருங்கிலும் தேவரும் முனிவரும் யானைகளும் குழுமி நிற்கின்றன. ஒற்றைக் காலில் நின்று தவம் புரிபவன் பாசுபதம் வேண்டிய அர்ச்சுனனா, கங்கையைக் கொணர்ந்த பகீரதனா என்று அறிஞர் இன்றும் வழக்காடுகின்றனர். அவன் கோலத்தையே ஒரு பூனை எலிகளின் முன் பாவனை செய்து நிற்பதையும் சிற்பி செதுக்கி வைத்தான். கடுந்தவத்தின் அருகே கள்ளத் தவத்தை வைத்துச் சிரித்த அச்சிற்பியின் மனத்தை, ஓடிக்கொண்டே காண்பவர் எவ்வாறு அறிவர்?

பஞ்சபாண்டவ ரதங்கள் எனப்படுவன பாண்டவரோடு யாதொரு சம்பந்தமும் உடையன அல்ல. அப்பெயர்கள் பிற்காலத்தார் இட்டன. திரௌபதி ரதம் எனப்படுவது கூரை வேய்ந்த குடிசை போன்ற வடிவிற் கொற்றவைக்கு எடுத்த கோயில். சகாதேவ ரதம் எனப்படுவது தூங்கானை மாடம். அதன் அருகே உயிருள்ளது போன்ற கல்யானையொன்று நிற்பது, வடிவத்தின் பெயரைப் பார்ப்பவர்க்கு உணர்த்தவோ என்று தோன்றும்.

இவற்றை எடுப்பித்தவர் யாவர் என்பதும் முடிந்த வழக்கன்று. மாமல்லன் எனப்பட்ட முதலாம் நரசிம்மவர்மன் காலத்தில் தொடங்கி, பரமேசுவரவர்மன் காலத்திலும் இராஜசிம்மன் காலத்திலும் வளர்ந்தன என்பது பலரும் கொண்ட கொள்கை. 1962-ஆம் ஆண்டில் இரா. நாகசாமி, இவையனைத்தும் இராஜசிம்மன் ஒருவனுடைய படைப்பே என்று வாதித்தார். கல்வெட்டுகளிற் காணும் விருதுப் பெயர்கள் யாருடையவை என்பதிலேயே இவ்வழக்கின் உயிர்நிலை உள்ளது. சரித்திர மாணவன் ஒருவன் கல்வெட்டின் எதிரே நின்று, இருபக்கத்து நியாயங்களையும் தன் தோழர்க்கு எடுத்துரைக்கும் அரைமணி நேரம், வகுப்பறையில் ஒரு மாதம் கேட்ட பாடத்திற்கு ஒப்பாகும். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை தொடராக வெளிவந்தபின், ஆயனரையும் சிவகாமியையும் தேடி இவ்வூர்க்கு வருவோர் பலர். அவ்விருவரும் ஆசிரியர் கற்பனையிற் பிறந்தவர்கள் என்பதையும், அக்கற்பனை எத்தனை பேரைப் பல்லவர்பால் திருப்பிற்று என்பதையும் ஒருங்கே உணர்தல் நன்று.

முடிந்த சிற்பங்களினும் முடியாதவையே எமக்கு மிகுதியாகக் கற்பித்தன. குகைகள் சிலவற்றில் பாறையின் முகத்தைச் சதுரஞ் சதுரமாக வகுத்து, கோடுகளை ஆழமாக வெட்டி, இடையிலுள்ள கட்டிகளைப் பெயர்த்தெடுத்த அடையாளங்கள் அப்படியே உள்ளன. ரதங்களிற் சிலவற்றின் மேற்பகுதி நுணுக்கமாக முடிந்திருக்க, அடிப்பகுதி கரடாக நிற்பதால், மேலிருந்து கீழாகச் செதுக்கினர் என்பது விளங்கும். பெருந்தபசுப் பாறையைப் போன்றதொரு முற்றுப்பெறாத சிற்பமும் அவ்வூரிலேயே உண்டு. இரண்டையும் ஒப்பிட்டு நோக்குவோர்க்குச் சிற்பியின் கைவேலை படிப்படியாகப் புலப்படும். செங்கல், மரம், உலோகம், சுதை என்னும் நான்கும் இன்றிக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் மண்டகப்பட்டிற் பொறித்துவைத்த பெருமிதம் வெறும் சொல் அன்று என்பது அப்போது தெளிவாகும்.

இனி மாலைக் கூத்தைப் பற்றிச் சில. பல்லவர் காலத்து ஆடலே இன்று மேடையில் நிகழ்கிறது என்று எண்ணிக் களிப்பது எளிது. உண்மை அத்துணை எளிதன்று. இன்று நாம் காணும் பரதநாட்டியக் கச்சேரியின் அமைப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சைச் சகோதரர் நால்வரால் ஒழுங்குபெற்றது. அவ்வாடல் சதிர் என்னும் பெயரால் தேவதாசிகளிடத்தே வாழ்ந்தது. 1892-ஆம் ஆண்டளவிற் சென்னையில் எழுந்த நாட்டிய எதிர்ப்பு இயக்கத்தில், இந்துச் சீர்திருத்தக்காரரோடு கிறிஸ்தவ மிஷனெரிமாரும் சேர்ந்து நின்றனர். 1930-களில் இ. கிருஷ்ணய்யர் முதலியோர் அக்கலைக்காகப் பரிந்து பேசினர். ருக்மிணி தேவி 1936-இற் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். பெண்களைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் 1947-இல் நிறைவேறிற்று.

மிஷன் கலாசாலையிற் கற்கும் நாம் இவ்வரலாற்றை மறைத்துப் பேசலாகாது. நம் முன்னோர் அன்று எதிர்த்தது பெண்களுக்கு நேர்ந்த கொடுமையை. அவ்வெதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆயினும் அக்கொடுமையோடு அக்கலையையும், அதனைப் பேணிய குடும்பத்தாரையும் ஒன்றாகச் சேர்த்து இகழ்ந்தனர். அதிற் பெரும் பிழை இருந்தது. கலை மேடையேறிற்று, அதனைக் காத்த குடும்பங்களிற் பல மேடையினின்று மறைந்தன. அவ்வழியில் வந்த பாலசரஸ்வதி போன்ற மேதை, 1984-இல் மறையுமளவும் அப்பழைய மரபுக்காகத் தலைநிமிர்ந்து வாதாடினார். விழா மேடையைக் காணும்போது இவையெல்லாம் நெஞ்சில் நிற்குமாயின், கைதட்டலில் நன்றியும் கலக்கும். விழா நமக்கு வேண்டாம் என்று சொல்லும் கட்சியார்க்கு யாம் கூறும் விடையும் இதுவே: அம்மேடையும் சரித்திர மாணவன் படிக்கவேண்டிய ஓர் ஆவணம்.

கற்கள் மட்டுமன்றிக் கடலும் அவ்வூரிற் சரித்திரம் சொல்லும். ஏழு கோயில்களுள் ஆறு கடலுண்டன என்னும் கர்ணபரம்பரைக் கதையை, 1772-இலும் 1776-இலும் அங்குச் சென்ற வில்லியம் சேம்பர்ஸ் கேட்டு, 1788-இல் அச்சேற்றினார். 2004 டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்து பிறந்த திருநாளின் மறுநாள், ஆழிப்பேரலை எழுந்து நம் கரையோரத்து மீனவர் குடும்பங்கள் பலவற்றை அழித்தது. அதே அலை மணலை வாரிச் சென்றபோது, அதுகாறும் மறைந்திருந்த சில சிற்பப் பாறைகள் வெளிப்பட்டன. சில கிலோமீட்டர் வடக்கேயுள்ள சாளுவன்குப்பத்திற் கல்வெட்டுள்ள பாறைகள் வெளிப்பட, அதனைத் தொடர்ந்து தொல்லியல் துறையார் அகழ்ந்து, பல்லவர் காலக் கட்டடத்தின் கீழே செங்கல்லால் ஆகிய முருகன் கோயில் ஒன்றைக் கண்டனர். அதனைச் சங்க காலத்தது என்பர். விழாக் காலத்தில் அக்கரையில் நிற்கும் நம் மாணவர், கண்டெடுத்த கல்லை வியப்பதற்கு முன், இழந்த உயிர்களை நினைந்து ஒரு கணம் மௌனமாய் நிற்றல் கடமை.

இரண்டாம் நாட் காலையை உயிருள்ள சிற்பிகளுக்கென ஒதுக்குக. 1957-இல் நிறுவப்பட்ட சிற்பக் கல்லூரி அங்கு உள்ளது. தெருவெங்கும் உளியொலி கேட்கும். அவ்வூர்க் கற்சிற்பத்திற்கு 2017-இற் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு தொழிலாளியின் அருகே அமர்ந்து, ஒரு சாண் உருவத்திற்கு எத்தனை நாள் செல்லும், எந்திரம் வந்தபின் எது எளிதாயிற்று, கல்தூள் அவர் மார்பை எவ்வாறு வருத்துகிறது என்று வினவுக. யுனெஸ்கோவினர் 1984-இல் உலகப் பாரம்பரியமாக ஏற்றது கற்களை. கற்களைச் செதுக்கும் கையை நினைப்பார் சிலரே.

ஏற்பாடுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். காணும் பொங்கலன்று அவ்வூரில் மக்கள் வெள்ளமாய்த் திரளுவர், அந்நாளை விலக்குக. கிறிஸ்துமஸ் நாளில் மாணவர் தத்தம் இல்லத்தில் இருத்தலே முறை; ஆதலால் ஜனவரித் தொடக்கம் ஏற்றது. புறப்படுமுன் ஒவ்வொருவரும் ஒவ்வொரு சிற்பத்தைத் தமக்கெனக் கொண்டு படித்து, அவ்விடத்திலேயே பத்து நிமிடம் பேசவேண்டும். பாறையில் ஏறுதலும், பெயர் எழுதுதலும், உருவங்களின்மேற் சாய்ந்து படம் பிடித்தலும் கூடா என்பதை யாம் சொல்லவும் வேண்டுமோ?

எல்லாவற்றிலும் தலையாயது ஒன்று. யாம் மாணவராயிருந்தபோது இத்தகைய யாத்திரையொன்று நடந்தது. இருவர், ஊரில் வேலையுண்டு என்று சொல்லி வராது நின்றுவிட்டனர். பணம் கட்ட இயலாமையே உண்மைக் காரணம் என்பதைப் பல ஆண்டுகள் கழிந்தபின்னரே அறிந்தோம். அவர்களுள் ஒருவர் எம் வகுப்பிற் சரித்திரத்தில் முதல்வர். யாம் கண்ட கோயில்களை இன்று நினைக்கும்போதெல்லாம், விடுதியில் நின்றுவிட்ட அவ்விருவர் முகமும் உடன் தோன்றுகின்றது. இரண்டு நாட் பயணம் என்றால் செலவு கூடும் என்பார்க்கு யாம் தரும் விடை: கட்டுச்சோறு கொண்டு செல்க, எளிய சத்திரத்தில் தங்குக, பழைய மாணவர்களிடம் பொருள் கேட்க. கொடுக்க இயலாதோர் பெயரை ஓர் ஆசிரியர் மட்டும் அறிந்து, பிறர் அறியாவண்ணம் நிறைவு செய்க. ஒருவனேனும் பணமின்மையால் நின்றுவிடுவானாயின், அப்பயணம் கைவிடப்படுதலே மேல்.

பழைய மாணவர்களாகிய நண்பர்களே, சங்கத்தாரின் விண்ணப்பம் உங்களிடம் வரும்போது அதனை உல்லாசப் பயணத்திற்கான வேண்டுகோள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மாணவ நண்பர்களே, பகலிற் கல்லையும் மாலையிற் கூத்தையும் கண்டு, நீங்கள் கொண்டுவரும் வினாக்களை அடுத்த ஆண்டு இதே மலரில் எழுதுங்கள். அவற்றைப் படிக்க யாம் ஆவலோடு காத்திருப்போம்.